கோவில் யன்னல்களும் கோவில் கட்டடமும்: எங்கள் பங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் கிறிஸ்தவக் கோவில்களைக் கட்டுவதும் திருத்துவதும் இன்னும் முடியாத வேலை. போரில் கூரை போனவை, 2004 சுனாமியில் கரையோரம் இடிந்தவை, சனங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் காடு ஏறியவை என்று எத்தனையோ சிறிய கோவில்கள் உண்டு. எங்கள் பங்கின் கட்டட வேலைக் குழுவில் இருப்பதால் இவற்றைப் பற்றிய கேள்விகள் என்னிடம் வந்தபடியே இருக்கின்றன. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் எங்கள் உறவுகள் பெரும்பாலும் நிறக் கண்ணாடியைப் பற்றிக் கேட்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் வெக்கையையும் மழைச்சாரலையும் வௌவாலையும் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்துக் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வன்னியில் கோவில் யன்னல் முதலில் காற்றுக்கு, பிறகு வெளிச்சத்துக்கு, அதன் பிறகுதான் படத்துக்கு.

ஐரோப்பியக் கோவில்களில் இருப்பது போன்ற பழைய நிறக் கண்ணாடி யன்னல்கள் வன்னியில் ஏன் இல்லை?

வறுமை ஒரு காரணம். ஆனால் வரலாறு அதைவிடப் பெரிய காரணம். மன்னாரில் கிறிஸ்தவம் 1540களிலேயே வேரூன்றிவிட்டது. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் அங்கே நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. நெதர்லாந்து நாட்டவரான ஒல்லாந்தர், புரட்டஸ்தாந்துச் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள், குருக்களைத் துரத்தினார்கள். 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது வரையான குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் குடியேறின. அப்படித்தான் மடு மாதா திருத்தலம் பிறந்தது. கோவாவைச் சேர்ந்த குருவான புனித யோசப் வாஸ் 1687இல் இலங்கைக்கு வந்தபோது, பிச்சைக்காரனைப் போலத்தான் ஊர் ஊராக நடக்க வேண்டியிருந்தது.

ஒளித்து வைத்துக் கும்பிட்ட சனங்கள் கண்ணாடி யன்னலைப் பற்றியா நினைத்திருப்பார்கள்? மண்சுவரும் கிடுகுக் கூரையும் அவர்களுக்குப் போதுமாக இருந்தன. சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வசதியாகவும் இருந்தன. ஐரோப்பாவில் பேராலயங்கள் எழுந்த நூற்றாண்டுகளின் வரலாறு வேறு, எங்கள் நூற்றாண்டுகளின் வரலாறு வேறு. நிறக் கண்ணாடி இல்லாததை ஒரு குறையாக நான் ஒருபோதும் எண்ணியதில்லை. எங்கள் கோவில்களின் எளிமைக்குப் பின்னால் ஒரு சாட்சியம் இருக்கிறது.

இப்போது மடுவில் நிற்கும் கோவில் எந்தக் காலத்தது?

ஆங்கிலேயர் காலத்தில் தடை நீங்கிய பிறகு, 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் இலங்கைக்கு வந்தார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த ஆயர் கிறிஸ்தோபர் பொஞ்சீன் 1872இல் புதிய கோவிலுக்கான வேலையைத் தொடக்கினார். கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் எடுத்தன. 1924 ஜூலை 2இல் மாதாவுக்கு முடிசூட்டு விழா நடந்தது. 1944இல் கோவில் அபிஷேகம் செய்யப்பட்டது. காட்டின் நடுவே, பாதைகூடச் சரியாக இல்லாத இடத்தில், கல்லும் சுண்ணாம்பும் வண்டிமாடுகளில் வந்து அந்த அளவான கட்டடம் எழுந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். எங்கள் கோவில் வேலை இரண்டு ஆண்டு தாமதம் என்று முணுமுணுப்பவர்களுக்கு நான் மடுவைத்தான் காட்டுகிறேன்.

கண்ணாடிக்கு நிறம் எப்படி வருகிறது? மேலே பூசுவதா?

பெரும்பாலும் பூசுவதல்ல. கண்ணாடி உருகியிருக்கும்போதே உலோகச் சேர்மங்களைக் கலந்துவிடுகிறார்கள். கோபால்ட் நீலம் தருகிறது, மங்கனீசு ஊதா தருகிறது, இரும்பு பச்சை தருகிறது. செம்பு, சேர்க்கும் முறையைப் பொறுத்துச் சிவப்பும் தரும், பச்சையும் தரும். சிவப்பு மட்டும் தொல்லை பிடித்தது: முழுத் தடிப்பிலும் சிவப்பாக வார்த்தால் ஏறக்குறையக் கறுப்பாகவே தெரியும். அதனால் வெறும் கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படை ஒன்றை ஏற்றுகிறார்கள்.

முகம், விரல், உடை மடிப்பு போன்ற கோடுகள்தான் தீட்டப்படுபவை. இரும்பு ஒக்சைட்டும் அரைத்த கண்ணாடித் தூளும் கலந்த கருமையால் தீட்டிச் சூளையில் சுடுவார்கள். அது கண்ணாடியோடு ஒட்டிப் போகும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு வழி பரவியது. வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டால் கண்ணாடி மஞ்சளாகிறது. தலைமுடி, கிரீடம், ஒளிவட்டம் எல்லாவற்றையும் வேறு துண்டு வெட்டாமல் ஒரே கண்ணாடியில் போட முடிந்தது அந்த மஞ்சளால்தான்.

துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துவது ஈயப் பட்டை. இரு பக்கமும் தவாளிப்பு உள்ள அந்தப் பட்டையில் கண்ணாடியின் விளிம்பைச் செருகி, மூட்டுகளைப் பற்றவைத்து, இடைவெளியில் ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத்தூளும் சேர்ந்த களியை அடைப்பார்கள். நன்றாகச் செய்த வேலை நூறு ஆண்டுகளும் அதற்கு மேலும் தாங்கும். அதன் பிறகு ஈயம் களைத்துப் பிதுங்கத் தொடங்கும். பிரித்துப் புதிய ஈயம் இட வேண்டும்.

பழைய கண்ணாடி மெல்ல வழிந்து கீழ்ப்பக்கம் தடிக்கும் என்கிறார்களே?

இல்லை. கண்ணாடி அறை வெப்பத்தில் வழியாது. முற்காலத்தில் கண்ணாடியை ஊதிச் சுழற்றித் தகடாக்கியதால் ஒரு விளிம்பு தடிப்பாகவும் மற்றது மெல்லியதாகவும் வந்தது. தடித்த விளிம்பு மேலே இருக்கும்படி பொருத்திய பழைய யன்னல்களும் உண்டு.

எழுத்தறியாதவர்களுக்கு விவிலியத்தைச் சொல்லத்தான் படங்கள் போட்டார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. 1248இல் அபிஷேகம் செய்யப்பட்ட, பாரிஸ் நகரின் செயின்ட் சாப்பல் சிற்றாலயத்தில் 15 யன்னல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகள் இருக்கின்றன. கீழே நின்று பார்ப்பவர் அவற்றில் பெரும்பாலானவற்றை வாசிக்கவே முடியாது. அவ்வளவு உயரம், அவ்வளவு சிறியவை. அப்படியானால் யாருக்காக? பாரிஸுக்கு அருகே செயின்ட் டெனிஸ் மடாலயத்தைப் புதுப்பித்த சுஜேர் என்ற மடாதிபதி, ஒளி மனத்தை இறைவனிடம் உயர்த்துகிறது என்று நம்பினார். அவருடைய பீடப் பகுதி 1144இல் திறக்கப்பட்டது. கோதிக் கட்டடக்கலை அங்கிருந்துதான் பரவியது என்று சொல்வது வழக்கம். கூர்வளைவும் வெளியே நிற்கும் தாங்கு வளைவுகளும் பாரத்தைச் சுமந்ததால் சுவர் மெலிந்தது. மெலிந்த சுவரில் பெரிய யன்னல் திறந்தது. ஆகவே அது முதலில் ஒளியின் இறையியல். பாடப்புத்தகம் அதற்குப் பிறகு.

அந்த ஒளி எங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. வருடத்தில் பாதி மங்கலாகக் கிடக்கும் வானத்தின் கீழ் வாழ்ந்த சனங்கள் வெயிலுக்கு ஏங்கி எழுப்பிய சுவர்கள் அவை. கிளிநொச்சியில் ஏப்ரல் மாதம் யார் வெயிலுக்கு ஏங்குகிறார்?

அப்படியென்றால் எங்கள் கோவிலில் நிறக் கண்ணாடி போடக் கூடாதா?

போடலாம். எங்கே, எவ்வளவு என்பதுதான் கேள்வி. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய இடம் இது.

வன்னி ஏறக்குறைய வட அகலாங்கு 9 பாகையில் இருக்கிறது. சூரியன் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே நிற்கும். மற்றக் காலத்தில் தெற்கே. வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் விழும் நண்பகல் வெயிலை மூன்று நான்கு அடி விறாந்தையே மறைத்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் அது முடியாது. காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்ந்து, தாழ்வாரத்துக்குக் கீழாக நேரே உள்ளே பாய்கிறது. பெரிய வெள்ளிச் சடங்கு பின்னேரம் மூன்று மணிக்கு. மேற்கு முகப்பில் பெரிய கண்ணாடி யன்னல் வைத்த கோவிலில், அந்த நேரத்தில் பின்வரிசையில் இருப்பவர்களின் முதுகைத் தொட்டுப் பாருங்கள்.

பீடத்துக்கு நேர் பின்னால், கிழக்கே, யன்னல் வேண்டும் என்றும் கேட்கிறார்கள். படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் காலைத் திருப்பலியில் வெளிச்சம் சனங்களின் கண்ணில் குத்தும்; குருவானவர் கறுப்பு உருவமாகத் தெரிவார்; அவர் முகத்தைப் பார்த்து மறையுரை கேட்க முடியாது. பீடப் பகுதியின் இரண்டு பக்கச் சுவர்களிலும், சனங்களின் கண்ணுக்கு நேரே படாத இடத்தில், ஒடுங்கிய நிறக் கண்ணாடி வைத்தால் ஒளி பீடத்தில் விழும், கண்ணில் விழாது. எங்கள் வரைபடத்தில் நான் வலியுறுத்திய இடம் அதுதான். மற்ற யன்னல்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

ஈயம் பிடித்த மெல்லிய கண்ணாடிக்குப் பதிலாக, ஓர் அங்குலத் தடிப்பான கண்ணாடிக் கட்டிகளைச் சீமெந்திலோ பசைப் பிசினிலோ பதிக்கும் முறையும் இருக்கிறது. 1930 அளவில் பிரான்சில் வளர்ந்தது. கட்டியின் விளிம்பைச் சுத்தியலால் சற்று உடைத்துவிட்டால் ஒளி அங்கே சிதறி மின்னும். கொங்கிறீற்றில் கைதேர்ந்த எங்கள் மேசன்மாருக்கு இது நெருக்கமான வேலை. கண்ணாடியும் சீமெந்தும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால் வெடிப்பு வரும் ஆபத்து உண்டு. அதனால் பிசினில் பதிப்பது மேல். அதுவும் நிழலான சுவரில் மட்டும்.

பீடம் கிழக்குப் பக்கம்தான் இருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. கிழக்கு நோக்கி மன்றாடுவது மிகப் பழைய வழக்கம். உதிக்கும் சூரியனைக் கிறிஸ்துவின் வருகைக்கு அடையாளமாகக் கொண்டார்கள். இன்று வீதி எந்தப் பக்கம், காணி எப்படிக் கிடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கட்டுகிறார்கள். ஆனால் பீடத்தைக் கிழக்கே வைத்தால் கோவிலின் நீளச் சுவர்கள் இரண்டும் தானாகவே வடக்கையும் தெற்கையும் பார்க்கும். வெயிலுக்கு அதுவே நல்ல நிலை. முடிந்த இடத்தில் பழைய வழக்கத்தை விடாதீர்கள் என்பேன்.

கண்ணாடி இல்லாத யன்னல் என்றால் எப்படி?

எங்கள் பழைய கோவில்களில் இருந்ததைப் போல. முதிரை மரச் சட்டத்தில் சரிந்த பலகைகள்: வெளிச்சம் கீழிருந்து மேலாக வரும், மழை வெளியே வழியும், காற்று தடையில்லாமல் வரும். சென்ற ஆண்டு பழைய யன்னல் ஒன்றைக் கழற்றி மேசையில் கிடத்தினோம். ஐந்து ஆறு பூச்சு எனாமலைச் சுரண்டிய பிறகு முதிரையின் பொன்மஞ்சள் வெளியே வந்தது. ஒரு பலகையில்கூடக் கறையான் இல்லை. மேல் மூலையில் ஷெல் துண்டு ஒன்று புதைந்து, சுற்றிலும் மரம் கறுத்திருந்தது. தச்சர் அதை எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். அந்த யன்னல் அப்படியே திரும்பப் போகிறது. முதிரையும் பாலையும் இன்று எளிதில் கிடைக்கும் மரங்கள் அல்ல. வெட்டவும் ஏற்றவும் அனுமதி வேண்டும். கையில் இருக்கும் பழைய யன்னலை விறகாக்கிவிட்டு அலுமினியம் வாங்குவது பெரும் நட்டம்.

காற்றைப் பற்றி: மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வருகிறது. காற்று வரும் பக்கத்தில் மட்டும் யன்னல் வைத்தால் போதாது. எதிர்ப் பக்கத்தில் போகும் வழியும் வேண்டும், உயரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. சூடான காற்று மேலேதான் நிற்கும். இன்னொன்று: எங்கள் சனங்களில் பலர் பாய் விரித்துத் தரையில் இருந்துதான் பூசை காண்கிறார்கள். யன்னலின் அடிக்கட்டு நாலடி உயரத்தில் இருந்தால் காற்று அவர்களின் தலைக்கு மேலால் போய்விடும். இரண்டடிக்கு மேல் வேண்டாம். வரைபடம் கீறுபவர் கதிரையில் இருந்து யோசிக்கிறார். பாயில் இருக்கும் அம்மாமாருக்காக நாங்கள்தான் வாய் திறக்க வேண்டும்.

பூ வேலை செய்த சீமெந்துக் கற்களை அடுக்கிச் சுவரின் மேற்பகுதியை மூடுவதும் மலிவான, நல்ல வழி. உள்பக்கம் வலை அடிக்க மறக்க வேண்டாம்.

குளிரூட்டி பூட்டினால் இந்தப் பிரச்சினை எதுவும் இல்லையே?

மின்சாரக் கட்டணத்தை மாதா மாதம் கட்டப் போவது யார் என்று முதலில் கேளுங்கள். குளிரூட்டிக்கு யன்னலை மூட வேண்டும். திருவிழாவில் சனங்களில் பாதிப் பேர் வெளியே மரநிழலில்தான் நிற்பார்கள்; மூடிய கோவிலில் அவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது, கேட்காது. வன்னிக் கோவிலின் சுவர் உள்ளிருப்பவரையும் வெளியே நிற்பவரையும் பிரிக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க ஆயத்தமில்லை.

கண்ணாடியில் ஒட்டும் நிறத்தாள் மலிவாக இருக்கிறதே?

இரண்டு மூன்று வருட வெயிலுக்கு வெளிறும், ஓரம் சுருளும். அந்தக் காசுக்கு நல்ல வெள்ளைப் பூச்சும் இரண்டு வேப்பங்கன்றும் வாங்கலாம்.

வௌவாலும் புறாவும் யன்னலால் வருகின்றன. என்ன செய்வது?

துருப்பிடிக்காத கம்பி வலையைத் தனிச் சட்டத்தில் அடித்து, கழற்றிக் கழுவக் கூடியதாக வைக்க வேண்டும். வௌவால் ஒரு விரல் அகல இடைவெளியாலும் நுழையும். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே பாருங்கள். மாலையில் அவை இரை தேடிப் போன பிறகு அடையுங்கள். குட்டிகள் உள்ளே இருக்கும் காலத்தில் அடைக்க வேண்டாம். எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டினால் தூசி நெஞ்சுக்குள் போகும். நனைத்து, முகமூடி அணிந்து அள்ளுங்கள்.

பழைய முருகைக்கல் சுவரில் சீமெந்து பூசினோம். ஏன் மீண்டும் மீண்டும் கொட்டுகிறது?

மன்னார்த் தீவிலும் கரையோரக் கிராமங்களிலும் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், நுண்துளை நிறைந்தது. நிலத்து ஈரத்தையும் உப்பையும் இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய கொத்தர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டி, சுண்ணாம்பால் பூசினார்கள். சுண்ணாம்பு மெல்ல, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். இறுகிய பிறகும் ஈரத்தை வெளியே விடும். சீமெந்துப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய ஈரம் காயும்போது உப்புப் பளிங்காகி, பூச்சையும் கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு விழுகிறது. ஆகவே கொட்டும் சீமெந்தைக் கவனமாக உரித்து, சுவரை ஒரு கோடைகாலம் காயவிட்டு, சுண்ணாம்பால் பூசுங்கள். மேலே பிளாஸ்ரிக் வர்ணம் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளையே போதும். இடிந்த சுவரின் கற்களைப் பத்திரப்படுத்துங்கள். கடலில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை. ஒட்டுப்போடப் பழைய கல் மட்டும்தான் கிடைக்கும்.

கரையோரத்தில் யன்னல் கம்பிகளும் இதே கதைதான். இரும்பு துருப்பிடித்துப் பருக்கும்; பருத்தால் கல்லையும் கண்ணாடியையும் வெடிக்க வைக்கும். துருப்பிடிக்காத உருக்கோ வெண்கலமோ போடுங்கள். கடல் மணலைக் கொங்கிறீற்றுக்குப் போட வேண்டாம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கூரைக்கு எது நல்லது?

ஓடு. தகரம் சுடும், மழையில் வாசகம் கேட்காது. அஸ்பெஸ்டோஸ் ஏற்கனவே இருந்தால் உடைக்காமல், துளைக்காமல், அரம் போடாமல் இருக்கும் வரை விடுங்கள். கழற்றும்போது நனைத்துக் கழற்றுங்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்குத் தெற்கே கரையேறியது. அதன் பிறகு கூரை மரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டுவது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கட்டுங்கள், செலவு சிறிது, பயன் பெரிது.

ஷெல் பட்ட சுவரைப் பூசி மறைக்க வேண்டுமா?

முழுவதையும் மறைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பாரம் தாங்கும் சுவர் என்றால் பொறியியலாளர் பார்த்துப் பலப்படுத்த வேண்டும். அதில் உணர்ச்சிக்கு இடமில்லை. மற்றபடி, ஒரு பகுதியை, ஒரு யன்னல் கட்டை, அப்படியே வைத்துச் சுற்றிலும் ஓரத்தை இறுக்கிப் பாதுகாக்கலாம். புதிதாகப் பிறந்த பிள்ளைகள் கேட்கட்டும், நாங்கள் சொல்லுவோம். சிலர் அதைப் பார்த்தால் நித்திரை வராது என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம். அதனால் அந்தப் பகுதி பீடத்துக்கு நேரே அல்லாமல், வாசல் பக்கம் இருக்கட்டும். பார்க்க விரும்புபவர் பார்க்கலாம், விரும்பாதவர் கடந்து போகலாம்.

கோவிலுக்குள் சனங்கள் கொல்லப்பட்டால் கோவிலின் புனிதம் போய்விடுமா?

அழுதுகொண்டு கேட்ட அம்மா ஒருவருக்காக இதை எழுதுகிறேன். 1985 ஜனவரி 6இல் வங்காலைக் கோவில் வளவில் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் கொல்லப்பட்டார். 1999 நவம்பர் 20இல் மடுக் கோவிலில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்து பலர் இறந்தார்கள். 2009 இறுதிப் போரில் நடந்தவை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, புனித இடத்தில் அதன் தூய்மைக்கு எதிரான பாரதூரமான செயல் நடந்தால், ஆயரின் தீர்ப்புப்படி, பரிகாரச் சடங்கு நடந்த பிறகே அங்கே வழிபாடு மீளத் தொடங்கும். இது கொன்றவர்களின் செயலுக்கான பரிகாரம். அங்கே உயிர் விட்டவர்களால் எந்தக் கறையும் இல்லை. கட்டடத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டாலோ, நிரந்தரமாக வேறு தேவைக்கு மாற்றப்பட்டாலோ மட்டும் அதன் அபிஷேகம் நீங்குகிறது; புதிதாகக் கட்டிய பின் மீண்டும் அபிஷேகம் செய்வார்கள். அப்போது பீடத்தையும் சுவரில் பன்னிரண்டு அல்லது நான்கு இடங்களையும் ஆயர் கிறிஸ்மா என்ற அபிஷேகத் தைலத்தால் பூசுவார். பீடத்தின் கீழே புனிதரின் திருப்பண்டம் (உடலின் எச்சம்) வைக்கும் வழக்கமும் இருக்கிறது. ஆதித் திருச்சபை மறைசாட்சிகளின் கல்லறைகளின் மேலும் பூசை செய்தது. அங்கே இரத்தம் சிந்தி இறந்தவர்களை எங்கள் விசுவாசம் தீட்டாகப் பார்ப்பதில்லை, அம்மா.

இறந்தவர்களின் பெயர்களைக் கண்ணாடியில் எழுதலாமா?

உயரத்துக் கண்ணாடியில் எழுதினால் யாரும் கிட்டப் போக முடியாது. கருங்கல்லில், ஒரு தாயின் கை எட்டும் உயரத்தில், வெட்டி எழுதுங்கள். பெயரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் இருக்கிறது. பிள்ளையின் உடலே கிடைக்காதவர்களுக்கு அது இன்னும் அதிகம்.

யன்னலில் என்ன படம் போடலாம்? புனிதர்களை அறிய அடையாளங்கள் உண்டா?

புனிதர்களைக் கையிலிருக்கும் பொருளால் அறியலாம்: இராயப்பருக்குத் திறப்பு, சின்னப்பருக்கு வாள், செபஸ்தியாருக்கு அம்புகள், லோறன்சியாருக்கு வாட்டும் இரும்புக் கம்பித் தட்டு, சூசையப்பருக்கு லீலிப் பூ. தன் நெஞ்சைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் பறவையைக் கண்டால் அது நற்கருணையின் அடையாளம். இவையெல்லாம் நல்லவை. ஆனால் எங்கள் யன்னலில் மருதமரமும் குளக்கட்டும் கரைவலையும் வந்தால் என்ன தவறு? கலிலேயாக் கடலை வரைய இரணைதீவுக் கடலைப் பார்த்தால் போதும். 1992இல் இடம்பெயர்ந்து, 2018இல் வள்ளங்களில் தங்கள் தீவுக்குத் திரும்பிய அந்தச் சனங்கள் முதலில் தங்கியதும் செபமாலை மாதா கோவிலடியில்தான்.

நாங்கள் மெதடிஸ்த சபையினர். எங்களுக்கு யன்னலில் உருவங்கள் சரியா?

சபைக்குச் சபை வழக்கம் வேறு. பெரும்பாலான மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்கள் வெள்ளைச் சுவரும் திறந்த விவிலியமும் சிலுவையுமாக இருக்கின்றன. அந்த வெறுமைக்கும் அழகு உண்டு. உருவம் வேண்டாம் என்றால் திராட்சைக் கொடி, கோதுமை, வசனம் போதும். சீர்திருத்தக்காரர் எல்லோரும் படக் கண்ணாடியை உடைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தின் கௌடா நகரத்து யோவான் ஆலயம் 1573இல் சீர்திருத்த சபையிடம் போன பிறகும் பழைய கத்தோலிக்க யன்னல்கள் காக்கப்பட்டன. 1603 வரை புதியவையும் சேர்ந்தன. எங்களை மடுக் காட்டுக்குத் துரத்திய அதே நாட்டவர்கள்!

பேராலயம் என்றால் பெரிய கோவிலா?

அளவு கணக்கில்லை. ஆயரின் இருக்கை உள்ள கோவிலே பேராலயம். மன்னார் மறைமாவட்டத்துக்கு அது மன்னார் புனித செபஸ்தியார் ஆலயம். மடு ஒரு திருத்தலம். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை.

யன்னலுக்குக் காசு தந்தால் எங்கள் குடும்பப் பெயரைப் போடுவீர்களா?

வெளிநாட்டு உறவுகளின் கேள்வி. நியாயமான ஆசைதான், அன்பில்லாமல் யாரும் கேட்பதில்லை. பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் 170க்கும் மேற்பட்ட பழைய யன்னல்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் அடிப்பகுதியில் அப்பம் சுடுபவர், செருப்புத் தைப்பவர், தச்சர் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதைப் போல, பெயருக்குப் பதிலாக உங்கள் அப்பாவின் தொழிலை ஒரு மூலையில் வரையலாம்: வலை பின்னும் கை, நாற்று முடி, மாட்டுவண்டிச் சில்லு. பெயர்கள் பங்கின் பதிவேட்டில் இருக்கும். ஒரு யன்னலுக்கு ஒரு குடும்பம் என்று பிரித்தால், காசில்லாத குடும்பத்துக்குக் கோவிலில் யன்னலே இல்லாமல் போகும்.

யன்னல்களை எப்படித் துப்புரவு செய்வது? உடைந்த துண்டுகளை என்ன செய்வது?

மென்மையான துணியும் சுத்தமான நீரும் போதும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் வேண்டாம். தீட்டிய பக்கத்தைத் தேய்க்கவே வேண்டாம். கறுப்புக் கோடு உதிர்கிறதென்றால் துணியைக்கூட வைக்காமல் விட்டுவிடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிடுங்கள். பிள்ளைகளை அந்த வேலைக்கு விட வேண்டாம். சார்த்ர் யன்னல்களை 1939இல் போருக்கு முன்பே கழற்றிப் பெட்டிகளில் அடுக்கிப் பாதுகாத்தார்கள். இலக்கமிட்டு வைத்ததால்தான் திரும்பப் பூட்ட முடிந்தது. உங்கள் கோவிலில் ஒரேயொரு நிறக் கண்ணாடி உடைந்தாலும் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். எந்த யன்னல், எந்தப் பக்கம், எந்தத் திகதி என்று ஒரு தாளில் எழுதி, கண்ணாடியோடு மரப்பெட்டியில் வைத்து, பங்குமனையில் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் கழற்றுமுன் ஒரு புகைப்படம் எடுங்கள். பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்து எடுத்தால் அளவும் தெரியும்.